குளியல் தொட்டி யாருக்கு

தையல்காரிக்கு வாரம் முழுக்கக் கண் ஊசி முனையில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில் முனையில். ஏரிப் பாலத்துக்கு அடியில் ஒரு கிழட்டுக் கெளுத்தி இருந்தது. புழுவைப் போட்டால் ஏறெடுத்தும் பார்க்காது. துள்ளுகிற குஞ்சு மீன் வேண்டும் அந்த மகாராஜாவுக்கு.

அதற்காக வெள்ளிக்கிழமையே கடையில் குஞ்சு மீன் வாங்கி வந்து குளியல் தொட்டியில் விடுவாள். தினமும் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்து புதுசாக நிரப்புவாள். சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஞாயிறு விடிந்தால் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதக்கும். செத்ததைக் கோத்துக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்புவாள்.

பேருந்து ஓட்டுகிற புருஷன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து நான் வாளில மொண்டு குளிக்கிறேன். உன் மீனுங்க காலை நீட்டிக் குளிக்குது. இந்த வாரமும் ஒண்ணும் கிடைக்கலைன்னா தொட்டி எனக்கு. அப்புறம் ஏரிப் பேச்சே எடுக்கக்கூடாது."

"மீனுக்கு ஏதுங்க காலு?" என்று கேட்டுவைத்தாள். ஆனால் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுக்கென்று இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்துக் குழாயில் காற்றுதான் வந்தது. துணி துவைக்க முந்தின நாள் பிடித்து, மூடாமல் விட்டிருந்த தண்ணீர்தான் வீட்டில் மிச்சம். வேறு வழியில்லாமல் அதைத் தொட்டியில் ஊற்றி மீன்களை விட்டாள். மாற்றவும் தண்ணீர் இல்லை. அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று படுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை எட்டிப் பார்த்தால், ஒன்றுகூடச் சாகவில்லை! குனிந்து முகர்ந்தாள். குழாய்த் தண்ணீரில் எப்போதும் அடிக்கும் குளோரின் மருந்து வாடை இதில் இல்லை; ஒரு நாள் திறந்து கிடந்ததில் பறந்துபோயிருந்தது.

"அடிப்பாவி! இத்தனை நாளும் நானேதான் கொன்னிருக்கேன்!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

பாலத்தடியில், முள்ளெலும்பில் படாமல் முதுகுச் சதையில் மட்டும் கொக்கியை ஏற்றிக் குஞ்சை விட்டாள். ஊசி பிடித்த கையல்லவா! அது துடிப்பாக நீந்திப் போனது. கொஞ்ச நேரத்தில் கோல் வில்லாக வளைந்தது. தூண்டில் நரம்பு விரலைக் கிழித்தது, அவள் விடவில்லை. பக்கத்துத் தூண்டில்காரர்கள் தங்கள் கோலைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, கெளுத்தியைக் கரைக்கு இழுத்துப் போட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் குழாயில் தண்ணீர் திரும்ப வந்திருந்தது. புருஷன் தோளில் துண்டும் கையில் சோப்புமாக, நிரம்பிய தொட்டிக்கு முன்னால் தயாராக நின்றான். அவள் ஈரச் சாக்கைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். கெளுத்தி வாலால் ஓர் அடி அடித்து அவனைத் தலையோடு நனைத்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வாளி எங்க வச்சிருக்க?" என்றான்.