மனுவில் சேராத அழுகை

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமைதோறும் மடக்கு மேசை போட்டு மனு எழுதித் தருபவர் நிர்மல். வருகிறவர்களின் ஒப்பாரியைக் கழித்துவிட்டு, 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கோபதாபத்தை அடக்குவதே அறிவு என்று வளர்த்த சமணக் குடும்பம். மனைவி த்ரிசலா இறந்தபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடுத்த திங்களே மேசைக்கு வந்துவிட்டார். 'என்ன நிதானம்!' என்று ஊரே மெச்சியது. அந்த மெச்சலை மூன்று வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தார், பாவம்.

ஒன்பது வாரமாக அடி அண்ணாமலையிலிருந்து ராஜம்மாள் வந்துகொண்டிருந்தாள். கிரிவலப் பாதையில் வேன் மோதி அவள் மகள் வினோதினி போய்விட்டாள். அந்த இடத்தில் ஒரு வேகத்தடை வேண்டும். கேட்டது அவ்வளவுதான். ஆனால் மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள். ஆபீசில் அவளுக்குப் பெயரே பைத்தியம்.

பத்தாவது திங்களன்று அவளுக்கு முன்னால் அவள் மகன் விமல்ராஜ் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, குரல் உயராத பேச்சு.

"அம்மாவுக்கு புத்தி சரியில்லீங்க. நடு ரோட்ல நின்னு வண்டிய மறிக்குது. காப்பகத்துல சேக்கணும், ஒரு மனு எழுதிக் குடுங்க. வாராவாரம் நீங்களே பாக்கறீங்க இல்ல, சாட்சி கையெழுத்தும் போட்ருங்க."

பழகிய கை, எழுதிவிட்டது. ஒரு வரி பிசகில்லை. கையெழுத்துதான் பாக்கி. பேனாவை மூடினார், திறந்தார். எழுந்து டீக்கடை வரை போய், டீ குடிக்காமலே திரும்பினார். செத்தவளுக்காக அழுகிறவள் பைத்தியம் என்றால், அழாத நான் யார்? அந்தக் கேள்வி அவரை உட்காரவிடவில்லை.

"இன்னா சார், எதனா தப்பா இருக்கா?"

"எழுத்துல ஒரு தப்பும் இல்லப்பா. வேகத்தடை கேக்கறது பைத்தியமா? நான் போட மாட்டேன்." காகிதத்தைக் கிழித்தார். விமல்ராஜ் முறைத்தபடி ஒதுங்கி நின்றான்.

சற்று நேரத்தில் ராஜம்மாள் வந்தாள்.

"இன்னிக்கி நீ சொல்றத அப்படியே எழுதறேம்மா, சொல்லு."

"பெத்த வயிறு எரியுதுய்யா. காலைல தலை பின்னி உட்டேன், சாயந்திரம் அந்தப் பின்னலைப் புடிச்சுதான் அடையாளம் சொன்னேன்."

எழுதினார். த்ரிசலாவின் தலைமுடி ஞாபகம் வந்தது. பாதி வரியிலேயே உடைந்து, வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே கடைசியில், 'மனுதாரர் தெளிந்த புத்தியுடையவர்' என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"போச்சுடா, மனு எழுதறவருக்கும் முத்திப் போச்சு!" என்றான் வாசல் காவலாளி மாறன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விமல்ராஜும் சிரித்தான்.

ராஜம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவர் முதுகில் கை வைத்தாள்.

"அழுய்யா," என்றாள். "நல்லா அழு."