பட்டாளம் போன பிறகு ஒரு வான்கோழி

பாண்டியில் பிரெஞ்சுக் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றியபோது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பொரியும் வெல்லமும் கொடுத்தார்கள். நானும் மடி விரித்து வாங்கினேன். மென்றுகொண்டே அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என் தேசபக்தியைப் பார்த்து மனசு இளகி, தன் பங்குப் பொரியையும் என் மடியிலேயே கொட்டிவிட்டார். நான் அழுதது என் வான்கோழிகளுக்காக. ஊருக்கெல்லாம் சுதந்திரம் வந்த அன்றைக்குத்தான் எனக்கு அது போயிற்று என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பொரி நமுத்துப் போகவில்லை, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் ஊர் கண்டமங்கலத்துக்குப் பக்கம். ரயிலேறி மேற்கே போனால் விழுப்புரம், கிழக்கே போனால் பாண்டி. நடுவில் எல்லை. அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தது. பட்டாளத்துக்காரனைப் பாண்டிக்காரர்கள் சொல்தா என்பார்கள். அந்த சொல்தாக்கள் தின்கிற முட்டையிலும் கோழியிலும் கொஞ்சம் எங்கள் வீட்டுக் கூடையிலிருந்து போனது. வாரம் ஒரு நாள் நான்தான் கொண்டுபோவேன்.

என் மாமியார் மருமகளை வாசற்படி தாண்ட விடுகிறவர் இல்லை. கிணற்றுக்குப் போனால் குடம் நிறைகிற நேரம் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் ஆனால் தெருமுனையில் நிற்பார். அப்பேர்ப்பட்டவர் என்னைத் தனியாக ரயிலேற்றி அனுப்பினார் என்றால் அது என் சாமர்த்தியம். கோழி போகாத வாரம் சொல்தா பசியில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே ஊருக்குள் வந்துவிடுவான் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் பாதி நம்பினார். மீதிப் பாதிக்கு என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் யார் என்ன கேட்டாலும் ஆமாம் என்கிறவர்.

ஆக, வாரத்தில் ஒரு நாள் நான் ராணி. ராணியின் கூடையை எல்லையில் சுங்கக்காரர்கள் திறந்து பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம். கோழிக்கு அடியில் கைவிட்டுக் கடத்தல் சரக்கு தேடுவார்கள். கொத்து வாங்கிக்கொண்டு கையை எடுப்பார்கள். பட்டாளத்துச் சமையற்கட்டுக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அங்கே சமையல்காரர் ஒருவர், நம்மவர்தான், ஒல்லியாக இருப்பார், கோழியைத் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டு எனக்குப் பால் இல்லாத காபியும் ரொட்டியின் கடைசித் துண்டும் தருவார். இரண்டும் வாய்க்கு வழங்காது. ஆனால் ஊரில் வந்து அமிர்தம் என்று சொல்லிக்கொள்வேன். அவரிடமிருந்து வணக்கத்துக்கு ‘பொஞ்சூர்’, நன்றிக்கு ‘மெர்சி’ என்று இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு தெருவில் நான் அடித்த கொட்டம் இருக்கிறதே, கலெக்டர் பெண்டாட்டி கூட அடித்திருக்க மாட்டாள்.

கோழி விற்கக் கொஞ்ச நேரம் போதும். மாமியாரிடம் சொல்லி வைத்திருந்தது ஒரு பொழுது. மிச்சமெல்லாம் கடல். காலைக் கழுவுகிற மாதிரி அலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதுதான் நான் விற்ற கோழிக்கு எனக்குக் கிடைத்த விலை. காசெல்லாம் மாமியாரின் சுருக்குப் பைக்குப் போய்விடும்.

அந்த வருஷம் சமையல்காரர் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வேண்டும் என்று சொல்லி முட்டைகளைக் கொடுத்து அனுப்பினார். எங்கள் அடைக்கோழியை ஏமாற்றி உட்கார வைத்தேன். பொரிந்து வந்ததைப் பார்த்து அது ஒரு நாள் முழுக்கத் தீனி எடுக்கவில்லை. குஞ்சுகள் வளர்ந்து, தலையில் மயிர் உதிர்ந்து, கழுத்தில் சிவப்பாகச் சதை தொங்கியபோது மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“இன்னாடி இது, உங்க மாமனார் செத்தும் உட மாட்டேன்னு திரும்பி வந்துக்கிறாரா?”

பார்க்கப் போனால் சாயல் இருந்தது. அதிலும் இருக்கிறதிலேயே பெரிய சேவல், எதற்கெடுத்தாலும் மார்பை நிமிர்த்திக்கொண்டு களகளவென்று கத்துகிறது, அப்படியே அவர்தான்.

பண்டிகைக்கு முன்பே பட்டாளம் கிளம்பிவிட்டது. அதற்கு முந்தி நான் போனபோது சமையற்கட்டில் தாமிரப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் வெறும் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். வான்கோழி என்ன ஆவது என்று கேட்டேன். “எனக்கே எடம் இல்லம்மா,” என்றார். “உன் கோழிக்கு எங்க எடம் பாப்பேன்?” அன்றைக்கு ரொட்டி இல்லை. காபியில் பாதியைத்தான் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பிழைப்பு போனவர்கள் நிறைய. எல்லையில் ரயில் நிற்கிற நேரத்தை நம்பி டீக்கடை போட்டிருந்தவர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனார். வைக்கோல் வண்டிக்கு அடியில் பாண்டியிலிருந்து பிராந்தி பாட்டில் கடத்திச் சில்க் சட்டை போட்டுக்கொண்டிருந்த வாலிபர்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்ட வந்தார்கள். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அவர்கள் புலம்பினால் ஊரே காது கொடுத்துக் கேட்டது. நான் கடலுக்காகப் புலம்பினால் யார் கேட்பார்கள்?

மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “அதான் தொரைங்க போய்ட்டாங்களே. இனிமே ஊட்ல இரு.”

கோழிகளை என்ன செய்வது என்று கேட்டேன். தின்றுவிடலாம் என்றார். மாமனார் சாயலில் இருப்பதை எப்படித் தின்பது என்றேன். சேவலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி, விற்று முடிக்கிற வரைக்கும் போய் வா, கடைசிக் கோழி போனதும் கூடையைப் பரண்மேல் போடு என்றார். அது என் தலைக்குமேல் தொங்கிய கத்தி. விற்கத்தான் வேண்டும், விற்றால் என் கதை முடிந்தது.

விழுப்புரம் சந்தையில் என் கூடையைச் சுற்றிக் கூட்டமான கூட்டம். வேடிக்கை பார்க்கத்தான். ஒருவர் இது மயிலா, பிடித்தால் போலீஸ் வருமா என்றார். இன்னொருவர் கழுத்தில் இருப்பது ஒட்டுவாரொட்டி நோயா என்று கேட்டுத் தள்ளி நின்றார். கறிக்கடைக்காரர், வாங்கிக்கொள்கிறேன், ஆனால் இது என்ன என்று வருகிறவர்களுக்குச் சொல்ல நீயும் கடையில் நிற்க வேண்டும் என்றார். நல்லவேளையாக யாரோ ரயில்வே காலனிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இஞ்சின் ஓட்டுகிற சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. பண்டிகை நெருக்கம். ‘பொஞ்சூர்’ என்றேன். அவர்களுக்கு அது புரியவில்லை, கோழி புரிந்தது. கொண்டுபோனதெல்லாம் போயிற்று. மாமனார் ஒருவர்தான் பாக்கி. அவரையும் ஒரு அம்மா கேட்டார்கள். வாய் தன்னால் பேசியது: அது திண்டிவனத்தில் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தது.

சொன்ன பொய் வீணாகக் கூடாதே என்று அடுத்த சந்தைக்குத் திண்டிவனம் போனேன். விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும். பொழுது முழுக்கப் போய்விடும். அதைவிட வேறென்ன வேண்டும்? புளியமரத்தடியில் கூடையோடு உட்கார்ந்து வருகிற போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் இல்லை. ஆனால் ஜனங்களும் அலைமாதிரிதான், வந்துகொண்டே இருந்தார்கள். சர்ச்சு சாமியார் வீட்டுச் சமையல்காரர் ஒருவர் வந்து விலை கேட்டார். அவர் வாயடைத்துப் போகிற மாதிரி ஒரு விலை சொன்னேன். அடுத்த வாரமும் வந்தார், கொஞ்சம் ஏறினார். நானும் ஏறினேன். அவர் ஏற ஏற நானும் ஏறி, வாராவாரம் மாமனாரைத் திண்டிவனம் காட்டித் திருப்பிக் கூட்டி வந்தேன். வீட்டில் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, “போவலை அத்த,” என்பேன். சேவல் பின்னால் நின்று களகளவென்று எனக்குச் சாட்சி சொல்லும்.

எங்கள் ஊர் மல்லாட்டை வியாபாரி ஒருவருக்கும் திண்டிவனத்தில் வேலை உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் புத்தி அவ்வளவுதான். ஒரு நாள் மாமியார் கேப்பை மாவு சலித்துக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

“கேக்கறவன் குடுக்கறேன்றானாம். நீ உட மாட்டேன்றியாம்.”

“வெல கட்டுப்படியாவல அத்த.”

“வர்ற சந்தைக்கு நானும் வர்றேன். எப்படிக் கட்டுப்படியாவலன்னு நானே பாக்கறேன்.”

அன்றைக்கு நான் சேவலுக்குக் கை நிறையக் கம்பு போட்டேன். கடைசித் தீனி என்று நினைத்துக்கொண்டு.

மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுகிற மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். விழுப்புரம் ஸ்டேஷனில் ஜனங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதைப் பார்த்து நின்றார்.

“இவ்ளோ பேரும் எங்கடி போறாங்க?”

“அவங்கவங்க ஜோலிக்கு, அத்த.”

“கையில கோழி இல்லாமயா?” என்றார்.

திண்டிவனத்தில் ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். எதிரில் இலை போட்டு ஒருவன் வந்து பரிமாறியதும் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் ஆயுசில் யாரும் அவரை உட்கார வைத்துச் சோறு போட்டதில்லை. இட்லி கல்லுமாதிரி இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு இன்னும் இரண்டு கேட்டார்.

புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தோம். சர்ச்சு சமையல்காரர் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். போன வாரம் நான் சொன்ன விலைக்கே சம்மதம் என்றார். காசைக் கையில் வைத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். இனி சொல்ல என்னிடம் விலை இல்லை. மாமியார் சேவலின் முதுகைத் தடவிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது விக்கிற கோழி இல்லப்பா. இதுக்கு ஜோடி தேடிக்கினு வந்துக்கிறோம்.”

“இன்னாம்மா இது? இத்தினி வாரமா வெல சொன்னாங்களே?”

“அவ படிக்காதவ. தெரியாம சொல்லிட்டா.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் மாமியார் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை அந்த ஜன அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பும்போது விழுப்புரம் தாண்டியதும்தான் பேசினார். “அடுத்த வாட்டி வெத்தல ஊட்லேர்ந்தே எடுத்துக்கினு வரணும். இந்த ஊரு வெத்தல ஒரே காரம்.”

அதற்குப்பின் பல வருஷம் அந்தச் சேவலுக்கு ஜோடி தேடினோம். அமையவில்லை. அத்தனை ரயில் ஏறிய வான்கோழி இந்த ஜில்லாவிலேயே வேறு இருந்திருக்காது. கடைசியில் வயசாகிப் படுத்தது, ஒரு மத்தியானம் போய்விட்டது. கொல்லையில் புதைத்தோம். மாமியார் அழுதார். மாமனாருக்கு அழுததைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம்.

சந்தை நாள் வந்தது. நான் கூடையைப் பரண்மேல் போடுவதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் வெற்றிலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூடைக்கு ஒரு துணியைப் போட்டு மூடி என் தலையில் வைத்தார். உள்ளே ஒன்றும் இல்லை. கூடையைத் திறந்து பார்க்கிறவர்கள் இருந்தது பாண்டி எல்லையில்தான். அவர்கள்தான் பட்டாளத்தோடேயே போய்விட்டார்களே.