ஆட்டோகிளேவில் போன இரண்டு பிளாஸ்க்

திங்கட்கிழமை காலை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். நான் வளர்த்த உயிர் அங்கே இல்லை.

அப்போது நான் லண்டனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் டெக்னீசியன். ஆர்க்டிக் தூந்திர மண்ணில் வாழும் சயனோபக்டீரியாவைப் பராமரிப்பது என் பொறுப்பு. பச்சை நிற நுண்ணுயிர். மணி கோத்ததுபோல நூல் நூலாக வளரும். மண்ணைக் கொண்டுவந்தவர் டொக்டர் மாலதி. மலேசியத் தமிழர், என்னைவிட இளையவர். மூன்று இடத்து மண், அவற்றிலிருந்து வளர்த்தவை மூன்று பிளாஸ்கில், கண்ணாடிக் குடுவைகளில்.

வெள்ளிக்கிழமை மூன்றுக்கும் புது மீடியம், அதாவது அவை வளரும் சத்துநீர், மாற்றியிருந்தேன். அதுவரை அவை சுருண்டு, கட்டி கட்டியாக அசையாமல் கிடந்தன. நூல்களில் இடையிடையே ஒரு பெரிய மணி இருக்கும். இப்போது தெரிந்தவை குட்டையான, நேரான நூல்கள். பெரிய மணி ஒன்றுகூட இல்லை. போதாததற்கு அவை ஊர்ந்தன.

இரண்டாவது பிளாஸ்கிலும் இதே கதை. வேறு ஏதோ புகுந்துவிட்டது, என் கைப்பிழை என்றே நினைத்தேன். வேறு உயிர் கலந்து கெட்ட கல்ச்சரை ஆட்டோகிளேவில், உயர் அழுத்த நீராவியில், அவித்து அழிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் என்னைத் துரத்தியது விதியல்ல, வெட்கம். மாலதி வருமுன் இரண்டையும் உள்ளே போட்டுவிட்டேன்.

மூன்றாவதைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. மூன்றும் ஒரே மாதிரி எப்படிக் கெடும்? பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போடவும் மனமில்லை, வைக்கவும் துணிவில்லை.

மாலதி வந்ததும் சொன்னேன். "மூண்டும் கெட்டுப்போச்சு டொக்டர். ரெண்டை அழிச்சிட்டன். இதை ஏன் விட்டனான் எண்டு எனக்கே விளங்கேல்லை."

அவர் நெடுநேரம் மைக்ரோஸ்கோப்பைவிட்டு நிமிரவில்லை.

"இது கெட்டுப்போகலக்கா. அதே உயிர்தான். புது மீடியத்துல இப்படி உடைஞ்சு நகரும், பிறகு திரும்பக் கட்டியாயிடும்."

"அப்ப அந்த ரெண்டும்?"

"அது இனி யாருக்குத் தெரியும்?"

பத்து நாளில் மூன்றாவது பிளாஸ்க் பழையபடி கட்டியானது. அழித்த இரண்டையும் மறுபடி வளர்க்க, அந்த இடங்களின் மிச்ச மண்ணை நனைத்துப் பார்த்தோம். வேறு வகைகள்தான் முளைத்தன. மாலதி தன் ஆய்வுக் கட்டுரையிலிருந்து, மண் எடுத்த அந்த இரண்டு இடங்களையும் வெட்டினார். ஏசவில்லை. சில வாரங்கள் வேலைக்கு வேண்டியதை மட்டுமே பேசினார்.

அந்த இரண்டும் நல்லவையா, உண்மையிலேயே கெட்டவையா? இன்றும் எனக்குக் குழப்பம்தான். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, குழம்பினால் பார்த்ததை நோட்டில் எழுதுங்கள், பிளாஸ்கை மூடி வையுங்கள், ஒருவரைக் கூப்பிடுங்கள். அழிப்பதை நாளைக்கும் செய்யலாம்.