உப்புப் போகக் கழுவிய கூரை

இடது கை, கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் அடித்து இறுகியிருந்த நுரையின் விளிம்பைப் பிடித்திருந்தது. வலது கையிலிருந்த, பட்டி பூசும் தகடு அதன் அடியில் நுழைந்தது. இழுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முழங்கை நீளத்துக்கு நுரை அப்படியே தகரத்தை விட்டுக் கழன்று கையோடு வந்தது. கை அதைச் சாக்கில் போட்டுவிட்டு அடுத்த விளிம்பைத் தேடியது. வேலை சரியாக இருந்தால் நுரை நடுவில் கிழியும். தகரத்தில் பாதி ஒட்டிக்கொண்டு நிற்கும். இது தோல் உரிவது போல உரிந்தது. நான்கு நாள் வேலை சாக்கு சாக்காகக் கீழே சேர்ந்துகொண்டிருந்தது.

ஏணியில் நின்றவர் கீழக்கரை சீனி முகம்மது. வயது நாற்பத்தேழு. பத்தாவதில் கணக்கில் தவறி, இருபத்தொரு வயதில் சவூதிக்கு, தம்மாம் போனவர். அங்கே முதலில் கிடங்கு கூட்டினார். பிறகு வெயில் சூடு இறங்காமலிருக்கக் கூரைக்கு நுரை அடிக்கும் கம்பெனியில் ஓஸ் தூக்கினார். இரண்டு டிரம்களில் வரும் இரண்டு திரவங்கள் சூடான ஓஸ் வழியாக வந்து, தெளிக்கும் துப்பாக்கியின் முனையில் கலக்கும். தகரத்தில் பட்ட மறுகணம் பால் போலப் பொங்கும், நிமிடத்துக்குள் இறுகிவிடும். அடிப்பவருக்கு மணிக்கட்டுதான் எல்லாம். சீனி முகம்மதுவுக்கு யாரும் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பழைய பெயிண்ட் துப்பாக்கியில் தண்ணீர் நிரப்பிச் சுவரில் அடித்துப் பழகினார். தகரத்தின் சூடு, காற்றின் ஈரம், டிரம்மின் சூடு என்று தினமும் ஒரு டைரியில் தமிழில் குறித்துக்கொண்டார். ஏழாவது வருடம், அடிப்பவர் ஊருக்குப் போன மாதத்தில், துப்பாக்கி அவர் கைக்கு வந்தது. அதன் பிறகு அது கை மாறவில்லை.

போன வருடம் ஒரு பழைய மெஷினோடு ஊர் திரும்பிவிட்டார். மகள் இஃப்ரா கல்லூரிக்குப் போகும் வயது வரை, வாப்பாவைப் போன் திரையில் மட்டுமே பார்த்து வளர்ந்திருந்தாள். ஆனால் ஊரில் நுரைக் கூரை என்றால் யாருக்கும் தெரியவில்லை. தென்னங்கீற்றைப் போட்டால் ஆகாதா என்றார்கள். பழைய கம்பெனி மறுபடி அழைத்தது. பாம்பனை அடுத்த அக்காள்மடத்தில் துர்காதேவியின் தையல் கொட்டகைதான் அவர் சொந்தப் பொறுப்பில் எடுத்த முதல் வேலை. அது சரியாக வராவிட்டால் விசாவுக்குச் சம்மதம் சொல்லிவிடுவதாக மனைவி தாஜுன்னிசாவிடம் சொல்லியிருந்தார். விசா ஏஜெண்ட் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்றிருந்தார்.

இருபத்திரண்டு தையல் மெஷின்கள், மேலே வெறும் தகரம். பங்குனி பிறந்தால் பன்னிரண்டு மணிக்கு மேல் பெண்கள் உள்ளே உட்கார முடியாது. போன கோடையில் ஒருத்தி மெஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். மதியத்திலும் உட்கார்ந்து தைக்க முடிய வேண்டும், துர்காதேவி கேட்டது அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலையில் கடலோரச் சரிவில் நுரை தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். டிரம் சூட்டைச் சோதித்தார். கலவையைச் சோதித்தார். ஓஸை அவிழ்த்து மாட்டினார். எல்லாம் டைரியில் இருந்தபடியே இருந்தன. நுரை மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பாம்பன் இமானுவேல், அவரைவிட மூத்தவர், டிரம் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். துர்காதேவி இருவருக்கும் கடுங்காப்பி கொண்டுவந்தாள். இன்றைக்காவது பால் ஊற்றக் கூடாதா என்று இமானுவேல் கேட்டார்.

"போர் தண்ணியில பால் ஊத்துனா திரிஞ்சு போகும்ண்ணே. லாரித் தண்ணி வந்தாத்தான் பால் டீ."

சீனி முகம்மது டம்ளரைக் கீழே வைத்தார். ஏணியில் ஏறி, விரலை எச்சிலில் நனைத்து, வெறும் தகரத்தில் தேய்த்து, நாக்கில் வைத்தார். கரித்தது.

நுரை அடிக்கும் முன் கூரை முழுவதையும் கழுவித் துடைத்தவர் அவரேதான். வளைகுடாவில் தூசிதான் எதிரி. கைக்குக் கிடைத்த குழாயைத் திறந்து கழுவுவார்கள், குழாயில் வருவது உப்பு நீக்கிய தண்ணீர். அதே பழக்கத்தில் இங்கே கொட்டகை வாசலில் இருந்த போர் குழாயை மாட்டிவிட்டார். ஈரம் காய்ந்ததும் உப்பு தகரத்திலேயே தங்கிவிட்டது. நுரை ஒட்டியது அந்த உப்பின் மேல்.

"கீழக்கரையில பொறந்துட்டு தகரத்த உப்புல ஊற வச்சிருக்கீரே பாய்," என்றார் இமானுவேல்.

சீனி முகம்மது பட்டித் தகட்டைக் கையில் எடுத்தார். தொங்குவதை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம், மற்றது இரண்டு கோடை தாங்கும் என்று இமானுவேல் யோசனை சொன்னார். தொழில் தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"ரெண்டு கோடை கழிச்சு விழும். அப்ப கீழ ஒரு பொம்பளப்புள்ள உக்காந்திருக்கும். எல்லாத்தையும் எடுங்க," என்றார் சீனி முகம்மது.

எடுக்க மூன்று நாள் ஆனது. பிறகு குடிதண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்தார். குடிக்கிற தண்ணீரைக் கூரைக்கு ஊற்றுகிறாரே என்று தெருவில் நின்று பேசினார்கள். துர்காதேவியின் பெண்கள் வெட்டுத் துணிகளை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். அவர் கழுவக் கழுவ, பின்னாலேயே சாரம் ஏறித் துடைத்தார்கள். ஒவ்வொரு தகரத்துக்கும் விரல் வைத்து நாக்கில் பார்த்தார். கரித்தால் மறுபடி கழுவினார். ஒரு பெண், அண்ணனுக்கு இன்றைக்கு மதியச் சோற்றில் உப்பே போட வேண்டாம் என்றாள். அவரும் சிரித்துவிட்டார்.

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கூரையில் இன்னும் ஒரு கை நுரைகூட ஏறவில்லை. இம்முறை பிடிக்குமா என்பதும் தெரியாது. பாம்பன் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடித்து வெளியே வந்தபோது தாஜுன்னிசா போனில் கூப்பிட்டாள். ஏஜெண்டுக்கு என்ன சொல்வது என்று கேட்டாள்.

"வேற ஆளப் பாக்கச் சொல்லு. நான் இங்கன வேலையில இருக்கேன்."

 சரி, ராத்திரிக்கு மீன் ஆக்கவா கறி ஆக்கவா என்றாள்.

மறுநாள் அடிக்க ஆரம்பித்தார். காலையில் கடல் ஈரம் தகரத்தில் பூத்திருக்கும்; எட்டரைக்குத்தான் காயும். பதினொன்றுக்கு மேல் தகரம் தொட முடியாதபடி கொதிக்கும், நுரை அவசரப்பட்டுப் பொங்கிவிடும். இடையில் கிடைத்த நேரத்தில் மட்டும் அடித்தார். ஒரே தடவையில் தடியாக அடிக்கவில்லை, மெல்லிய அடுக்குகளாக ஏற்றினார். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஐந்து இடத்தில் கத்தி வைத்து வெட்டி இழுத்தார். நுரை நடுவில் கிழிந்தது; பாதி தகரத்தை விடவில்லை. கிழித்த இடங்களை மறுபடி அடைத்தார். மெஷின்களை உள்ளே கொண்டுவரலாமா என்று துர்காதேவி இரண்டு முறை கேட்டாள். நெருப்பு பிடிக்காமலிருக்க மேலே பூசும் பெயிண்ட் காய வேண்டும், வாடை முழுக்கப் போக வேண்டும், அதுவரை ஆள் நுழையக் கூடாது என்று வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை திறந்தார். காலையில் மெஷின்கள் வந்தன. ஆனால் மதியம் இரண்டு மணி ஆகட்டும் என்று வெளியே வெயிலிலேயே காத்திருந்தார். இரண்டு மணிக்கு உள்ளே போனார். இருபத்திரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. பெண்களில் ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மின்விசிறிக் காற்று அனலாக இல்லாமல் காற்றாகவே வந்தது.

துர்காதேவியை ஓரமாக அழைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கூரையில் ஆணி அடிக்கக் கூடாது. புது ஒயர் இழுப்பதானால் நுரையைக் குடையாமல் குழாயில் இழுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் கடலோர மூலையை ஒருமுறை பார்க்க வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு மேலே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மறுபடி எங்கயாச்சும் நுரை விட்டுச்சுன்னா உங்கள எங்கனண்ணே தேடுறது?"

"கீழக்கரையிலதான் இருக்கேன் தாயி. கூப்பிடு, வாரேன்."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.