பார்ப்போம் என்றால் சாம்பல் நிறம்

ஆட்சி யார் தோளில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. கோலாலம்பூரில், ஆளை விறைக்க வைக்கும் ஏர்கோன் அறை ஒன்றில், சுவர் முழுக்கத் தொகுதி வரைபடங்கள். எங்களுக்குச் சம்பளம் தரும் ஆளும் கூட்டணிக்கு உறுதியான இடம் வெள்ளை. எதிரணிக்கு உறுதியானது கறுப்பு. மதில்மேல் பூனையெல்லாம் சாம்பல்.

அந்தத் தேர்தலில் நெகிரி மாநிலச் சட்டமன்றத்தில் ஓரிரு தொகுதி சாய்ந்தால் ஆட்சியே கவிழும் என்பது எங்கள் அறையின் கணிப்பு. ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடையில் இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழர்கள்தான் துருப்புச் சீட்டு என்றார் மேலாளர். அவர் வாழ்க்கையில் தோட்டத்தை நெடுஞ்சாலையிலிருந்து மட்டுமே பார்த்தவர். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் என்னை அனுப்பினார்.

நான் சிரம்பானில் வளர்ந்தவன். கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பம். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்று ஒருவர் சொன்னால் நிஜமாகவே உட்கார்ந்து யோசிப்பார். யோசித்து யோசித்தே எங்கள் சித்தப்பாக்கள் பாதிப் பேருக்குத் தலை வழுக்கை.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் கடைசி வீட்டு அக்காவைத்தான் முதலில் பார்த்தேன். அவர் கணவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் மூன்று நாள் சிரம்பானுக்குப் போக வேண்டும். அழைத்துப் போகும் வேன் தோட்டத்துச் சாலையான மண் சடக்கில் புதையும் என்று உள்ளே வராது. அக்காவே கணவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, மயங்கி விழாமலிருக்கத் தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, சேற்றில் பெரிய சடக்கு வரை ஓட்டிப் போவார். தார் போடச் சொல்லி எத்தனையோ முறை கேட்டாயிற்று. இது தனியார் நிலம், அரசாங்கம் கைவைக்க முடியாது, சட்டம் இடம் கொடுக்காது என்றே ஒவ்வொரு முறையும் பதில்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "யாருக்குக்கா ஓட்டு போடுவீங்க?" என்றேன்.

"பாப்போம்லா தம்பி" என்று சிரித்தார்.

அடுத்த வீட்டிலும் அதே பதில். கோயிலடியில் சீட்டாடியவர்களும் தலை நிமிராமல் அதையே சொன்னார்கள். தோட்டம் முழுவதும் சாம்பல், சடக்குக்குத் தார் போட்டால் நம் பக்கம் சாயலாம் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

பிறகு நடந்ததுதான் விந்தை. இடம் கொடுக்காத சட்டம் ஒரே வாரத்தில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்துவிட்டது. தார் லோரி வந்தது, சாலை உருளை வந்தது, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள எங்கள் வேட்பாளரும் வந்தார். நான் மறுபடி போனபோது தார் கோயில் வளைவை எட்டியிருந்தது. பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இப்பவாச்சும் சொல்லுங்கக்கா, யாருக்கு?"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட பாப்போம்னு சொல்லியனுப்புனா என்னா அர்த்தம்?"

"யோசிச்சுச் சொல்றோம்னு."

"ஐயோ, இல்லைன்னு அர்த்தம்! மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? நீங்க அவங்க ஆளுன்னு தெரியும். வெயில்ல வேற வந்தீங்க. நாங்க எப்பவும் போடுறவங்களுக்குத்தான் போடுவோம்."

அதாவது அது சாம்பல் அல்ல, அட்டைக் கறுப்பு. என் தொழில் தர்மப்படி அன்றே திருத்தி எழுத வேண்டும். எழுதினால் மறுநாள் லோரி திரும்பிவிடும். தார் இன்னும் அக்கா வீட்டை எட்டவில்லை. ஆகவே நான் வாயை மூடிக்கொண்டேன். என் ஆய்வுகளிலேயே யாருக்காவது பயன்பட்டது அந்தத் தப்பு ஒன்றுதான்.

தேர்தல் நாள் லோரியை முந்திக்கொண்டது. தோட்டம் வழக்கப்படி வாக்களித்தது. எங்கள் கூட்டணி அந்தத் தொகுதியில் தோற்றும் ஆட்சி கவிழவில்லை. ஆக, துருப்புச் சீட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. மேலாளர் அந்த இடத்தில் கறுப்பை அப்பிவிட்டு வேறு மாநில வரைபடத்தை மாட்டினார்.

மனம் கேட்காமல் ஒரு நாள் போனேன். முதல் நாள் மழை. தார் கோயில் வளைவோடு நின்றிருந்தது. அங்கிருந்து அக்கா வீடு வரை அதே சேறுதான். வளைவு வரையாவது வேன் வரலாம், ஆனால் அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை என்று அதுவும் வருவதில்லையாம். அக்கா மோட்டாரில் கணவரை உட்கார வைத்துத் துண்டை முடிந்துகொண்டிருந்தார். கணவர் முன்னைவிடப் பாதியாக இளைத்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"மிச்சத்தையும் போட்டுருவாங்களா தம்பி? ஒங்களுக்கு மேல இருக்கிறவங்களத் தெரியுமே."

இல்லை என்று எப்படிச் சொல்வது? மூஞ்சிக்கு நேராக.

"பாப்போம்லா அக்கா" என்றேன்.

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். துண்டை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டு மோட்டாரை உதைத்தார்.