ஆயில் மீட்டரின் முள்

என் அக்காவின் கணவரின் தாடையை என் அண்ணன் உடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில், சர்ச் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் பார்க்க நடந்தது. ஒரே குத்து. அத்தானின் மூக்குக்கண்ணாடி பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் போய்த் தொங்கியது.

எழுபதுகளின் தொடக்கம் அது. அண்ணனுக்கும் அத்தானுக்கும் கூட்டாக ஒரு கார் இருந்தது. கூரை இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார். அண்ணன் அதைச் சோழவரம் பந்தயத்தில் ஓட்டப் பெயர் கொடுத்திருந்தான். ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையிலிருந்த அத்தானுக்கு அதைத் துடைத்துப் பார்ப்பதே போதும். இன்ஜினைச் சுழற்றும் கிராங்க் தண்டை ஏற்கெனவே கடைந்து தேய்த்தாயிற்று. இன்னொரு முறை கடைய அதில் இரும்பு இல்லை. புதிதாக ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி கிடைக்காது. இன்ஜின் போனால் பந்தயம் போயிற்று. இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் இருந்தது. ஆயில் அழுத்தம் அடியோடு விழுந்த பிறகுதான் அது எரியும். அதற்குள் ஆயில் எட்டாமல் இன்ஜின் உடைந்துவிடும், அதை நம்பி ஓட்ட முடியாது என்று அண்ணன் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளிலிருந்து இரண்டு மீட்டர்கள் வாங்கிவந்தான். ஒன்று ஆயிலின் சூட்டைக் காட்டும், மற்றது அழுத்தத்தை. விளக்கின் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்றை டேஷ்போர்டு வரை கொண்டுவந்தான். அழுத்த மீட்டருக்குள் இன்ஜின் ஆயிலே வந்து முள்ளைத் தள்ளும்.

முதல் முறை ஓடவிட்டபோது குழாயின் மூட்டு பிய்த்துக்கொண்டது. கொதிக்கும் ஆயில் அவன் முழங்காலில் அடித்தது. கையிலிருந்த ஸ்பேனரை வீசினான். அது அக்காவின் மண்பானையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தது.

"பானைக்கு இன்னாடா பண்றது இப்ப?" என்றாள் அக்கா.

"எனக்கு இன்னா பண்றதுன்னு கேட்டியா?" என்றான், தோல் உரிந்த முழங்காலைக் காட்டி.

மறுபடி மூட்டை இறுக்கினான். அழுத்த மீட்டரை மட்டும் கோணலாகப் பொருத்தினான். பந்தயக்காரர்களிடம் உள்ள பழக்கம் அது. வேகமாகப் போகும்போது எண்களைப் படிக்க முடியாது. எனவே சரியான அழுத்தம் இருக்கையில் முள் செங்குத்தாக நிற்கும்படி மீட்டரையே திருப்பி வைப்பார்கள். முள் நிமிர்ந்திருந்தால் எல்லாம் சரி. எங்கள் இன்ஜினுக்குச் சரியான அழுத்தம் எண்பது. எண்பது உச்சிக்கு வரும்படி திருப்பினான். சூட்டு மீட்டரில் வேண்டிய எண் தானாகவே உச்சியில் இருந்ததால் அதைத் திருப்பத் தேவைப்படவில்லை. ஆக, பக்கத்துப் பக்கத்தில் ஒன்று நேர், ஒன்று கோணல்.

சனிக்கிழமை மாலை அத்தான் வண்டியைத் துடைக்க வந்தார். கோணல் மீட்டர் அவர் கண்ணை உறுத்தியது. அவசரத்தில் மாட்டியிருக்கிறான் என்று நினைத்து, பின்பக்க நட்டைத் தளர்த்தி, எண்கள் நேராக நிற்கும்படி திருப்பி இறுக்கினார். இப்போது உச்சியில் ஐம்பது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை அண்ணன் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றான். அத்தான் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். நான் வண்டி அருகில் நின்றிருந்தேன்.

"மச்சான், பிரஷர் முள்ளு எப்படி நிக்குது?"

"வலது பக்கம் நல்லா சாஞ்சிருக்கு மச்சான்."

அழுத்தம் மிகுந்துவிட்டது, குழாய் மறுபடி வெடிக்கும் என்று அண்ணன் நினைத்தான். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் ஸ்பிரிங்கைத் தளர்த்தத் தொடங்கினான்.

"இப்ப?"

"இன்னும் சாஞ்சிருக்கு. கொஞ்சம். கொஞ்சம். ஆங், நேரா நிக்குது. கொடிக்கம்பம் மாதிரி."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, அத்தானை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து என்னை ஏறச் சொன்னான்.

பெருங்களத்தூர் தாண்டியதும் வேகம் எடுத்தான். எதிரே வந்த லாரிகளின் காற்று முகத்தில் அறைந்தது. ஒரு மாட்டு வண்டிக்கும் பஸ்சுக்கும் நடுவில் புகுந்தபோது கதவுப் பக்கம் எதுவோ உரசிக் கிழிந்தது. வண்டலூருக்கு அப்பால் சாலை காலியாக இருந்தது. இன்ஜின் சூடேறி, முள் இடப்பக்கம் சாய்ந்தது. அண்ணன் ஒரு நொடி பார்த்தான்.

"சூடானா கொஞ்சம் சாயும்" என்று கத்தினான். அவன் கணக்கில் அது அறுபது. மீட்டர் காட்டியது முப்பது.

முதலில் ஒரு தட்டல் கேட்டது. பிறகு யாரோ சம்மட்டியால் அடியிலிருந்து அடிப்பதுபோல் தொடர்ந்து விழுந்தது. அவன் காலை எடுப்பதற்குள் இன்ஜினின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வெளியே வந்தது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வண்டி தன் ஆயிலிலேயே வழுக்கி, சுழன்று, ஒரு புளியமரத்தின் மேல் பக்கவாட்டில் மோதியது. என் நெற்றி பிளந்தது. அவன் ஸ்டியரிங்கில் நெஞ்சை இடித்துக்கொண்டான்.

நின்ற லாரியிலிருந்து கிளீனர் இறங்கி வந்து பார்த்தான்.

"இன்னா சார், வண்டி ரத்த வாந்தி எடுத்துகினு கீது?"

அண்ணன் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எண்கள் நேராக நிற்பதைக் கண்டான். "யாருடா திருப்பினது?" என்றான். எனக்குத் தெரியாது.

அந்த லாரியே எங்களைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. அத்தான் வாசலில் நின்றிருந்தார். என் நெற்றியைப் பார்த்துப் பதறி ஓடிவந்தார்.

"மீட்டரை நீயா திருப்பினே?" என்றான் அண்ணன்.

"ஆமா. கோணலா இருந்துச்சே."

"கோணலா வெச்சதே நான்தான். எண்பது மேல வரணும்னு."

அத்தானுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. பிறகு அவர் சொன்ன வாக்கியம்தான் அவர் தாடையை உடைத்தது.

"எப்படி நிக்குதுன்னு கேட்டே, சொன்னேன். எத்தனைன்னு ஒரு வாட்டியாச்சும் கேட்டியா மச்சான்?"

குத்து விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கீழே விழுந்த பிறகும் அண்ணன் விடவில்லை. விலாவில் உதைத்தான். நான் பின்னாலிருந்து பிடித்தேன். அக்கா இழுவைக் கயிற்றை அவிழ்த்து, கொக்கி இருந்த முனையால் அண்ணனின் முதுகில் மூன்று முறை விளாசினாள். சட்டை கிழிந்து தோலும் வந்தது. அப்புறம்தான் நின்றான்.

மருத்துவமனையில் அத்தானின் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். எனக்குத் தையல் போட்டார்கள். கேள்வி கேட்க வந்த கான்ஸ்டபிளிடம் அத்தானால் பேச முடியவில்லை. அக்கா பேச மறுத்துவிட்டாள். அண்ணன் தானாகவே முன்னால் வந்து நின்றான்.

"நான்தான் அடிச்சேன்."

"சரி, இன்னாத்துக்கு அடிச்சே? அதச் சொல்லு."

அண்ணன் சொல்லத் தொடங்கினான். மீட்டர் கோணலாக இருந்தது, இவர் நேராக்கினார், முள் வலது பக்கம் சாய்ந்தது, இவர் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார். தானே ஸ்பிரிங்கைத் தளர்த்திய இடம் வந்ததும் நிறுத்தினான்.

"அப்பால?" என்றார் கான்ஸ்டபிள்.

"அப்புறம் அடிச்சேன்" என்றான்.