இடம் மாறிய மலை

என் அண்ணன் சேற்றில் நின்று செத்தவன். கொக்கு மிரண்டுவிடக் கூடாதென்று மார்பளவுத் தண்ணீரில், கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி நிற்பான். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது, காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பாடையில் தூக்கிக்கொண்டு போனோம். இருபத்து நான்கு வயது. கல்யாணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும் படமெடுத்த ஊரில், பறவைக்காகப் பிலிமைச் செலவழித்த பைத்தியம் அவன் ஒருவன்தான்.

அவன் வேலை பார்த்த ஸ்டூடியோ பண்டார் ஹிலிரில் இருந்தது. முதலாளி துக்கத்துக்கு வந்தார். அழுதார். "பத்திரமா இருக்கட்டும்" என்று நெகட்டிவ் பெட்டியைத் தூக்கிப் போனார்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். தெருவெல்லாம் கொடி. ஸ்டூடியோவின் முகப்புக் கண்ணாடிக்குள் ஆளுயரத்துக்கு என் அண்ணனின் கொக்குகள். அடியில் தங்க எழுத்தில் முதலாளியின் பெயர்.

உள்ளே போனேன். "இது எங்கண்ணன் எடுத்தது."

"பிலிமக் கழுவுனதுதான் ஒங்கண்ணன், தங்கச்சி. எடுத்தது நானு. ஆத்து வாயில, சேத்துல நின்னு, ஊரப் பாத்து எடுத்தேன்." வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார்.

இனித்தது எனக்கு. தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

"சேத்துல நின்னீங்களா? அப்ப கொக்குக்குப் பின்னால இருக்குற மலை ஏண்ணே ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்துச்சு?"

கூட்டம் கண்ணாடியில் மூக்கை ஒட்டியது. கடலிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு வலப்பக்கம் நிற்கும் மலை, படத்தில் இடப்பக்கம் நின்றது. பிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருந்தார். அந்தச் சேற்றில் ஒருமுறை நின்ற கண்ணுக்கு இது தப்பாது.

முதலில் சிரித்தவர் மீன் விற்பவர். "மெர்டேக்கா கெடச்சதும் மலையும் கெளம்பிருச்சு போல லா!"

இன்னொருவர் முதலாளியைக் கூப்பிட்டார். "தவுக்கே, நாளைக்குக் கடலு எந்தப் பக்கம்? படகு எடுக்கணும்!"

அந்தச் சிரிப்பு ஜாலான் பெண்டஹாரா தெரு வரை போனது. ஒரு வாரம் கழித்து முதலாளி எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"அவன் பேரையும் போட்டுர்றேன், தங்கச்சி. என் பேருக்குக் கீழ."

"ஒங்க பேர எடுத்துட்டு வாங்க."

எடுக்கவில்லை. படத்தை எடுத்துவிட்டார். நெகட்டிவ் கேட்டால் கரையான் தின்றதாம். என்னிடம் மிஞ்சியது உள்ளங்கையளவு ஒரு பிரதி. மலை சரியான பக்கம் நிற்கிறது.

அவர் இன்னும் இருக்கிறார். கோயிலில் முன்வரிசை, தோளில் சால்வை. மறந்துவிடு என்கிறார்கள், அவருக்கும் வயதாகிவிட்டதாம். சேற்றில் நின்றவனுக்கு வயதே ஆகவில்லையே. மன்னிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அவருக்குக் கண் மங்கிவிட்டதாகக் கேள்வி. வீட்டில் யாராவது நான் எழுதிய இதை வாசித்துக் காட்டட்டும். மெதுவாக, ஒரு வரி விடாமல்.